என் தோளுக்குள் ஒரு தந்தக் காம்பு

கண்ணு,

உன் கடுதாசி வந்து எட்டு நாளாகிறது. இங்கே எல்லாரும் சுகம். கறவை எருமைக்கு மட்டும் மடி வீங்கி, உங்க ஐயன் வேப்பெண்ணெயும் கையுமாக அலைகிறார். நீ மூன்றே சேதிதான் எழுதியிருக்கிறாய். பம்பாயில் மழை விடவில்லை. பட்டறைக்குப் புதுக் கடைசல் எந்திரம் வந்திருக்கிறது. மூன்றாவது, "கொடுமுடியில் பொண்ணு ஊட்டுக்காரங்க, உங்க வலது கை ஏன் மேலே எழும்பறதில்லைன்னு மாமாகிட்டக் கேட்டாங்களாம். நான் என்னம்மா சொல்லட்டும்?" முதல் இரண்டுக்கும் பதில் எழுத அரை நாழிகை போதும். மூன்றாவதற்குத்தான் இந்த எட்டு நாள் ஆனது.

கொடுமுடித் தேருக்குப் போகும் வழியில் வண்டி குடைசாய்ந்து விழுந்தேன், கட்டு வைத்தியர் கட்டினது கோணலாகிப் போனது என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்? வண்டி சாயவே இல்லை, கண்ணு. அந்தப் பொய்யை உங்க ஐயன் தொடங்கி வைத்தார், நான் ஏழு வருஷமாகக் காப்பாற்றி வந்தேன். என் வலது தோளுக்குள் யானைத் தந்தத்தில் கடைந்த ஒரு குமிழும், அதன் அடியில் நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு காம்பும் இருக்கின்றன. ஊரில் தெரிந்தால், செத்த மிருகத்தை உடம்பில் வைத்திருக்கிறவள் என்று சொல்லிச் சீர் காரியங்களில் ஒதுக்கிவிடுவார்கள் என்று உங்க ஐயன் பயந்தார். எனக்கு இருந்த பயம் வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள் வாங்கி வரச் சொன்னேன். இதை நீ மட்டும் படித்து மடித்து வைக்க வேண்டாம். வரப்போகிற பெண்ணிடம் கொடு. அவள் வீட்டில் யார் கேட்டாலும் உரக்கப் படித்துக் காட்டு. கேட்டுவிட்டு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றால், அது அவர்கள் இஷ்டம்.

நீ மாமா வீட்டுக்குப் படிக்கப் போன வருஷம் அது. பருத்தி எடுக்கும்போது தோளுக்குக் கீழே ஒரு வலி வந்தது. எடுப்பு முடிந்த பிறகும் அது போகவில்லை. வைத்தியர் முட்டையும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். அப்புறம் ஒரு காலையில் கழுநீர்ப் பானையை எருமைக்கு முன்னால் இறக்கி வைக்கிறேன், படக்கென்று ஒடிந்தது. விழவும் இல்லை, எதிலும் இடிக்கவும் இல்லை. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். எலும்பு எப்படித் தானாக ஒடியும்? அந்தக் கேள்வியோடுதான் வண்டியேறி, கோயமுத்தூர் மிஷன் ஆசுபத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார்கள். ஆறடி உயரம், ஆம்பிளை நடை. தமிழை நம் பக்கத்துச் சமையல்காரம்மாவிடம் கற்றுக்கொண்டதால், வாசல் கூட்டுகிறவளைக்கூட "ஏனுங்க அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்டு வந்த புதிது. அதை வைத்து என் தோளை எக்ஸ்ரே படம் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள். கறுப்பில் வெள்ளையாக என் எலும்பே என் கண் முன்னால் நின்றது. கீழே நல்ல மூங்கில் மாதிரி வந்து, மேலே போகப் போக உள்ளே அரித்து, முட்டை ஓடு போலச் சன்னமாகி உடைந்திருந்தது.

"இது ஒடம்பெல்லாம் ஓடற புத்துநோய் இல்லீங்க. ஆனா இந்த எடத்தைத் தின்னுகிட்டே இருக்குது. மேல் துண்டை வெட்டி எடுத்தே ஆகோணும்" என்றார்கள்.

"எடுத்துட்டா கை?"

"தோளோட எடுக்கலாமுங்க. இல்லாட்டி எலும்பு இல்லாமத் தொங்க விடலாம். இன்னொரு வழியும் இருக்குது. எங்க ஊர்ப் பக்கம் செல பேரு தந்தத்துல மூட்டு செஞ்சு வச்சுப் பாத்திருக்காங்கன்னு படிச்சிருக்கேன். நான் செஞ்சதில்லீங்க. நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

உங்க ஐயன், "கை போனாப் போகட்டும், நீ உசுரோட வந்தாப் போதும்" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் எனக்கோ, மூன்றாவது வழியைக் கேட்ட நிமிஷத்திலிருந்து வேறு யோசனையே ஓடவில்லை. தந்தம் எலும்போடு எப்படி நிற்கும்? எதைக் கொண்டு ஒட்டுவார்கள்? "உள்ள வைக்கறதுக்கு முன்னால நான் அதைப் பாக்கோணுமுங்க" என்றேன். டாக்டரம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "இது வரைக்கும் ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லீங்க" என்றார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடைசல்காரரையே கூட்டி வந்துவிட்டார்கள். அவர் பெயர் மைதீன் ராவுத்தர். கோட்டைமேட்டில் பட்டறை. மில்லுகளுக்கு நூல் சுற்றும் பாபின் கடைவதுதான் பிழைப்பு. ஆசைக்குத் தந்தத்தில் சதுரங்கக் காய், கைத்தடிக் குமிழ் எல்லாம் கடைவார். பெண்கள் வார்டு தாழ்வாரத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தோம். நான் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, டாக்டரம்மா தரையில் சம்மணம் கூட்டி, ராவுத்தர் மடியில் ஒரு துணி மூட்டையோடு. உங்க ஐயனைக் கறிக்கடைக்கு அனுப்பி ஆட்டு முன்னங்கால் எலும்பு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரு கட்டு வாங்கி வந்தார். நல்லி எலும்பை உறிஞ்சித் தின்றிருக்கிறோமே தவிர, அது ஒரு குழாய் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா, கண்ணு? என் கைக்குள்ளும் அதே மாதிரிக் குழாய்தான். மேல் நுனியை வெட்டிவிட்டு, அந்தக் குழாய்க்குள் காம்பை இறக்கினால், காம்பின் தலையிலிருக்கும் குமிழ் தோள் குழியில் உட்கார்ந்து திரும்பும். யோசனை அவ்வளவுதான். காம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

ராவுத்தர் மரத்தில் மூன்று மாதிரி கடைந்து வந்திருந்தார். முதலாவது உருண்டைக் காம்பு. எலும்புக்குள் அழகாக இறங்கியது, குமிழைப் பிடித்துத் திருப்பினால் அதுவும் கூடவே சுற்றியது. "இது ஆகாதுங்க. கையைத் திருப்பறப்ப எலும்பு ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம் போயிரும்" என்று அவரே ஒதுக்கினார். இரண்டாவது சதுரம். சுத்தியால் தட்டினதும் மூலையில் எலும்பு சடக்கென்று பிளந்தது. மூன்றாவது நுனி ஒடுங்கினது. அது ஆப்பு மாதிரி இறுகிப் பிடித்தது, ஆனால் இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அருவாளுக்குக் காம்புக்குள்ள எறங்கற கம்பி சதுரமாத்தானே இருக்குதுங்க? மரம் பொளக்கறதில்லியே?"

"அதுக்கு வாயில பூண் போட்டிருக்குதல்லங்க அம்மணி" என்றார் ராவுத்தர்.

"பூண்னா என்னங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். காம்பு வாய் பிளக்காமல் இருக்கப் போடும் இரும்பு வளையம் என்று சொன்னோம். அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "எலும்பைச் சுத்தி வெள்ளிக் கம்பி போட்டு முறுக்கலாமுங்க! அதுதான் பூணு!" என்றார்கள். அப்புறம் மூன்று பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடவில்லை. சதுரத்தின் மூலையை மழுக்கிவிட்டால் திருகவும் திருகாது, பிளக்கவும் பிளக்காது என்றார் ராவுத்தர். நீளம் அதிகமானால் ஆடாது, ஆனால் உள்ளே சுரண்ட வேண்டியது அதிகம், குட்டையானால் ஆட்டம் காணும் என்றார்கள் டாக்டரம்மா. நாலு விரற்கடை என்று முடிவாயிற்று. குமிழ் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். ராவுத்தர் காம்பையும் அப்படியே பளபளக்கச் செய்வதாகச் சொன்னார். "எறங்கி நிக்கோணும்ங்கற காம்புக்கு யாராச்சும் எண்ணெய் தேப்பாங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, காம்பில் மட்டும் மெருகு வேண்டாம், குறுக்கே சன்னமாக வரி போடுகிறேன் என்றார். என் வாழ்நாளில் இத்தனை சந்தோஷமாக ஒரு மத்தியானம் கழிந்ததில்லை. என் உசிர் அந்தப் பலகை மேல் இருந்தது என்பதே எனக்கு மறந்து போயிற்று.

கடைந்து வந்த முதல் தந்தத்தைக் கொதிநீரில் போட்டதும் மயிரிழை விரிசல் விட்டது. ராவுத்தர் வருத்தப்படாமல் இன்னொன்று கடைந்தார். அதை ஸ்பிரிட்டில் ஊற வைத்துச் சுத்தம் செய்தார்கள். வைப்பதற்கு முதல் நாள் என் இடது உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். கனம் இருந்தது. வெண்ணெய் நிறம். உள்ளே ஓடிய சன்ன வரிகளை விரலால் தடவிப் பார்த்தேன்.

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்து கண்விழித்தபோது என் கை பக்கவாட்டில் நீட்டி, மரச் சட்டத்தில் கட்டி, ரயில் கைகாட்டி மாதிரி நின்றது. "ஆறு வாரம் இதைத் தொடக் கூடாதுங்க. எலும்பு காம்பைப் புடிக்கோணும். அது புடிக்கற வரைக்கும் நாம பொறுத்துக்கோணும்" என்றார்கள் டாக்டரம்மா.

ஆண்கள் வார்டில் அப்போது கருப்பண்ணன் என்று ஒருவர் இருந்தார். பல்லடம் பக்கம் கிணறு வெட்டுகிறவர். வேட்டு வைத்தபோது கல் உருண்டு தோள் குமிழ் தூளாகியிருந்தது. முழங்கையும் விரல்களும் நன்றாக அசைந்தன. ஒருநாள் தாழ்வாரத்துக்கு வெளியே வந்து நின்று கேட்டார். "ஏனுங்க அம்மா, தந்தம் வச்சவங்க நீங்கதானுங்களா? உங்களுக்கு நின்னுதுன்னா எனக்கும் வைக்கறேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வலிக்குமுங்களா?"

"வலிக்கும். தாங்கிக்கலாம்" என்றேன்.

"கடப்பாறை புடிக்க வருமுங்களா?"

"அது தெரியிலியே."

"செரிங்க. நீங்க சீக்கிரம் நல்லாகோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்காகச் சொன்னாரா, அவருக்காகச் சொன்னாரா என்று அப்போது யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் உன்னைப் பற்றி ஒன்று எழுதியாக வேண்டும். பத்து வயதில் உங்க ஐயனுடைய பாக்கெட் கடியாரத்தைப் பிரித்துப் போட்டாயே, நினைவிருக்கிறதா? ஓடுகிற கடியாரத்தைப் பிரித்துவிட்டு, மூட வராமல் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "தானா நின்னுபோச்சுங்கய்யா" என்றாய். எனக்குத் தெரியும். உன் விரலில் எண்ணெய்க் கறை இருந்தது. பிரித்ததற்காக உன்னை நான் அடிக்கவில்லை. பொய் சொன்னதற்காக அடித்தேன், இந்த வலது கையால். பிரித்துப் பார்க்கிற புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்தது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டு போய் விட்டது என்று கேள்.

நாலாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நர்சுகள் எல்லாரும் பக்கத்து வேதக் கோயிலுக்குப் போயிருந்தார்கள், பாட்டுச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரி தூங்கிவிட்டாள். எனக்குள்ளே ஒன்று வைத்திருக்கிறார்கள், அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. முடிச்சுகளை இடது கையாலும் பல்லாலும் அவிழ்த்தேன். வலது கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை ஒட்டி வைத்து, தோளை வெளிப்பக்கமாக மெல்லத் திருகினேன். பிடித்திருந்தது! அசையவில்லை! கத்திச் சொல்ல வேண்டும் போலச் சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கலாமே என்று இன்னும் பலமாக ஒரு திருகு திருகினேன். உள்ளே நறுக்கென்றது. சின்னச் சத்தம்தான், சுண்டைக்காய் வற்றலைக் கடித்தது மாதிரி. கண் இருட்டிப் போயிற்று. எப்படியோ மறுபடியும் கட்டிக்கொண்டு, அவர்கள் பாட்டு முடிந்து வரும்போது கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

மறுவாரம் எடுத்த எக்ஸ்ரேயில் காம்பு திரும்பி நின்றது. எலும்பில் நெடுக ஒரு கீறல். டாக்டரம்மா அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்க எதாச்சும் அசைச்சீங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள்.

"இல்லீங்க" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும், கண்ணு. பயந்து சொன்னேன். என்னை நம்பி, என்னைச் சரிசமமாக உட்கார வைத்து யோசனை கேட்ட மனுஷி முன்னால், சொன்ன பேச்சைக் கேட்காதவளாக நிற்க வெட்கப்பட்டுச் சொன்னேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் ராவுத்தரை வரவழைத்துப் படத்தைக் காட்டினார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூலையை நான் எச்சா மழுக்கிப்போட்டேன் போலிருக்குதுங்க. என்ற அளவுதான் தப்பு" என்றார். உங்க ஐயன் அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "பாபின் கடையறவனை நம்பி என் பொண்டாட்டி கையைக் கெடுத்தோமே" என்று அத்தனை பேர் முன்னால் வாயில் வந்ததெல்லாம் பேசினார். ராவுத்தர் தலை குனிந்து நின்றார். நான் பத்தடி தள்ளிப் படுத்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

மறுபடியும் அறுத்து, என் முழங்கால் கீழ் எலும்பிலிருந்து சிம்பாக ஒரு சன்னத் துண்டு எடுத்து உள்ளே செருகி, இரண்டு இடத்தில் வெள்ளிக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அந்தத் தடவை நான் மூச்சுக்கூட அளந்துதான் விட்டேன். பிடித்தது. எழுதுகிறேன், அரைக்கிறேன், மாவு பிசைகிறேன். தலைக்கு மேலே தூக்க மட்டும் வராது. ஆனால் டாக்டரம்மாவுக்கு அந்த முறையில் நம்பிக்கை போய்விட்டது. "ஒரு தரம் திரும்பினது இன்னொருத்தருக்கும் திரும்பும். தெரிஞ்சே இன்னொரு ஆளுக்குச் செய்ய மனசு வரலீங்க" என்றார்கள். கருப்பண்ணனுக்கு எலும்பு கூடட்டும் என்று காத்திருந்தார்கள். கூடவில்லை. சீழ் பிடித்தது. நான் வீடு திரும்புவதற்கு முந்தின வாரம் அவர் கையைத் தோளோடு எடுத்தார்கள்.

அவருக்குத் தந்தம் வைத்திருந்தால் நின்றிருக்குமா? சீழ் அப்போதும் பிடித்திருக்குமா? எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. யாருக்குமே இனித் தெரியப்போவதில்லை, நான் செய்த பாவம் அதுதான். எனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று ஒன்றைத் திருகிப் பார்த்தேன். திருகினதைச் சொல்லாததால் மற்ற மூன்று பேருக்கும் உண்மை தெரியாமல் செய்துவிட்டேன். நீயும் பட்டறையில் எதையாவது பிரிப்பாய், திருகுவாய், உடைப்பாய். உடைத்ததற்காக ஒருவரும் உன்னை வெறுக்க மாட்டார்கள். உடைத்ததைச் சொல்லிவிடு. அந்த நேரத்திலேயே சொல்லிவிடு. நாளைக்குச் சொன்னால் அதன் பாரம் இரட்டிப்பாகியிருக்கும்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் உங்க ஐயனிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி ஒரு பகல் முழுக்கப் படித்தார். எழுந்து எருமை கட்டும் கட்டுத்தரைக்குப் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் வண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்தி, "ஏறு. அந்த மனுசனைப் பேசினது நானாச்சே" என்றார். டாக்டரம்மா தாய்நாட்டுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. ஆசுபத்திரியில் விலாசம் வாங்கி அவர்களுக்கும் ஒரு கடுதாசி போட்டாயிற்று. பதில் வர மாதங்கள் ஆகும்.

ராவுத்தர் பட்டறை அதே இடத்தில்தான் இருக்கிறது. தாடி முழுக்க நரைத்துவிட்டது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, தோளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது என்ன தெரியுமா?

"எந்தப் பக்கம் திருகினீங்க?"

"வெளிப்பக்கமுங்க."

"கம்பியைப் புடிச்சுகிட்டா?"

"ஆமாங்க."

"மொதல் திருகலுக்கு நின்னுதுங்களா?"

"நின்னுதுங்க. அசையவே இல்லீங்க. ரெண்டாவதுக்குத்தான்..."

"நாலே வாரத்துல? நின்னுதா?" என்று மறுபடியும் கேட்டார். அப்புறம் உள்ளே திரும்பி, "ஏம்புள்ள, கேட்டியா? நின்னுதாமா!" என்று சம்சாரத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்பறம் நான் தந்தத்தைத் தொடலீங்க அம்மணி. ஏழு வருசமாப் பாபின் ஒண்ணுதான். எதை அளந்தாலும் மூணு தரம் அளப்பேன். என்ற கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சுங்க" என்றார். உங்க ஐயன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ராவுத்தர்தான் பேசினார். "என்ற பங்குக்கு நான் மன்னிச்சுட்டனுங்க. கெணறு வெட்டறவரோட பங்கு அவருகிட்டத்தான் இருக்குது. அங்க போறப்பச் சொல்லுங்க, நானும் வாரேன்."

நேற்று மூன்று பேரும் போனோம். பல்லடத்துக்குத் தெற்கே, விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தோம். ஒற்றைக் கையோடு கிணற்று மேட்டில் நின்று, கீழே வெட்டுகிறவர்களுக்கு எங்கே பாறை, எங்கே ஊற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலைதான் அவருக்கு இப்போது. நம் ஊரில் அவரைப் போன்றவர்களிடம் வா, போ என்று பேசித்தான் எனக்குப் பழக்கம். நேற்று அந்தப் பேச்சு வரவில்லை. "ஏனுங்க" என்றுதான் வந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையை எடுக்கறதுக்கு மின்னால அந்த டாக்டரம்மா அழுதாங்க. எனக்காகத்தான் அழுவறாங்கன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன். வச்ச தந்தம் நிக்கலியேன்னுந்தான் அழுதிருக்காங்க" என்றார். அப்புறம் என் தோளைப் பார்த்தார். "உங்க கை எம்முட்டுத் தூக்க வருமுங்க?"

தூக்கிக் காட்டினேன். நெஞ்சு உயரத்தில் நின்றது, அதற்கு மேல் வரவில்லை.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு அம்முட்டு வந்திருந்தாப் போதுமுங்க" என்றார்.

கிணற்றுப் பக்கம் திரும்பி, கீழே இருந்தவர்களுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டார். நான் தூக்கின கையை இறக்க மறந்து அங்கேயே நின்றேன், கண்ணு. உங்க ஐயன்தான் வந்து பிடித்து இறக்கிவிட்டார்.

உன்னைப் பெற்றவள்.